பிளவுபடுத்தும் வேட்பாளர் வெல்ல முடியுமா? அமெரிக்க அதிபர் தேர்தல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் வரும்போதெல்லாம் ஒரே கேள்வி பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. நாட்டில் ஒரு பாதி தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட, மறுபாதி கரித்துக் கொட்டும் ஒருவரால் கட்சியின் வேட்பாளராக முடியுமா, ஆனாலும் அதிபராக முடியுமா என்பதே அது. 1964-இல் பாரி கோல்ட்வாட்டரைப் பற்றியும், 1980-இல் ரொனால்ட் ரீகனைப் பற்றியும், 2008-இல் ஹிலாரி கிளின்டனைப் பற்றியும், 2016-இலிருந்து டொனால்ட் டிரம்ப்பைப் பற்றியும் இதைக் கேட்டார்கள். நான்கு பேருக்கும் கிடைத்த விடை ஒன்றல்ல. அது ஏன் ஒன்றாக இல்லை என்பதே இங்கே பேசுபொருள்.

பிளவுபடுத்தும் வேட்பாளர் என்று யாரைச் சொல்கிறோம்?

சர்ச்சைக்குரியவர் எல்லாரும் பிளவுபடுத்துபவர் அல்லர். தீவிரக் கொள்கை உடையவர் எல்லாரும் அல்லர். கருத்துக்கணிப்பு எடுப்பவர்கள் ஒவ்வொரு தலைவரைப் பற்றியும் நல்ல அபிப்பிராயமா, கெட்ட அபிப்பிராயமா, சொல்லத் தெரியவில்லையா என்று கேட்பார்கள். புதிதாக அரசியலுக்கு வந்த ஓர் ஆளுநருக்கு மூன்றாவது விடையே அதிகம் கிடைக்கும். பிளவுபடுத்தும் வேட்பாளருக்கோ அந்த மூன்றாவது கட்டம் ஏறத்தாழக் காலியாக இருக்கும். எல்லாரும் அவரை அறிவார்கள், எல்லாரும் முடிவெடுத்துவிட்டார்கள், அதுவும் அழுத்தமாக எடுத்துவிட்டார்கள். ஆகையால் அவருடைய ஆதரவுக்குக் கீழே உறுதியான தளம் இருக்கும். மேலே உச்சவரம்பும் இருக்கும். எந்தப் புயலிலும் அவருடைய ஆதரவு ஓர் அளவுக்குக் கீழே இறங்காது, எவ்வளவு செலவழித்தாலும் ஓர் அளவுக்கு மேலே ஏறாது. இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வருவன எளிதாக விளங்கும்.

சுருக்கமாகச் சொன்னால், வெல்ல முடியுமா, முடியாதா?

முடியும். ஆனால் கேள்வியை அப்படிக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வேட்பாளரை எத்தனை பேர் வெறுக்கிறார்கள் என்பது மட்டும் எதையும் சொல்லாது. வெறுப்பவர்களின் வாக்கு ஓரிடத்தில் குவிகிறதா, பல பேருக்குச் சிதறுகிறதா என்று பார்க்க வேண்டும்; எதிரே நிற்பவரை எத்தனை பேர் வெறுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்; வாக்கை இடமாகவும் பதவியாகவும் மாற்றும் விதி என்ன என்றும் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் அமையாதபோது கோல்ட்வாட்டர் ஆறு மாநிலங்களோடு நின்றார். அமைந்தபோது டிரம்ப் வெள்ளை மாளிகைக்குப் போனார்.

கட்சி தன் வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

நம் ஊரில் கட்சித் தலைமை அறிவிக்கும் பட்டியல்தான் வேட்பாளர் பட்டியல். அமெரிக்காவில் அப்படியில்லை. தேர்தல் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஜூன் வரை ஒவ்வொரு மாநிலத்திலும் கட்சிக்குள் வாக்கெடுப்பு நடக்கும். வாக்குச்சீட்டில் நடந்தால் அது பிரைமரி என்னும் முதல்நிலைத் தேர்தல். கூட்டமாகக் கூடி முடிவெடுத்தால் காகஸ். இவற்றில் வேட்பாளர்களுக்குக் கிடைப்பவர்கள் பேராளர்கள். கோடையில் கூடும் கட்சி மாநாட்டில் பேராளர்களில் பாதிக்கு மேல் யார் பக்கம் இருக்கிறார்களோ அவரே வேட்பாளர். 2016-இல் குடியரசுக் கட்சியில் அதற்குத் தேவைப்பட்ட எண்ணிக்கை 1,237.

முதல்நிலைத் தேர்தலுக்கு வந்து வாக்களிப்பவர்கள் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2016-இல் டிரம்ப்புக்கு முதல்நிலைத் தேர்தல்களில் விழுந்த வாக்குகள் சுமார் 1.4 கோடி, நவம்பரில் விழுந்தவை சுமார் 6.3 கோடி. முதல் எண்ணிக்கையைக் கொண்டுதான் அவர் இரண்டாவது எண்ணிக்கைக்கு உரிமை பெற்றார்.

கட்சிக்குள்ளேயே பெரும்பாலோர் விரும்பாத ஒருவர் அந்தக் கட்சியின் வேட்பாளர் ஆவது எப்படி?

தென் கரோலினாவில் 2016 பிப்ரவரி மாதம் நடந்ததை ஒரு வாரக் கணக்கில் பார்த்தால் போதும். பிப்ரவரி 13 அன்று கிரீன்வில் நகரில் நடந்த விவாத மேடையில், ஈராக் போர் பெரும் தவறு என்றும், பேரழிவு ஆயுதங்கள் பற்றிப் பொய் சொன்னார்கள் என்றும், செப்டம்பர் 11 தாக்குதல் ஜார்ஜ் புஷ் ஆட்சியில்தான் நடந்தது என்றும் டிரம்ப் பேசினார். அரங்கத்தில் இருந்த சொந்தக் கட்சிக்காரர்களே கூச்சலிட்டு எதிர்த்தார்கள். படைமுகாம்களும் முன்னாள் படைவீரர்களும் நிறைந்த மாநிலம் அது. புஷ் குடும்பத்துக்குச் செல்வாக்குள்ள மாநிலமும்கூட. இரண்டு நாள் கழித்து முன்னாள் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷே போட்டியில் இருந்த தம்பி ஜெப் புஷ்ஷுக்காக அங்கே மேடையேறினார். பிப்ரவரி 18 அன்று, பாலம் கட்டாமல் சுவர் மட்டும் கட்ட நினைப்பவர் கிறிஸ்தவர் அல்லர் என்ற பொருளில் போப் பிரான்சிஸ் சொன்ன கருத்தும் செய்தியானது. வேறு எந்த வேட்பாளருக்கும் இதில் ஒன்றே போதும், மூட்டை கட்டியிருப்பார்.

பிப்ரவரி 20 அன்று முடிவு வந்தது. டிரம்ப்புக்கு 32.5 விழுக்காடு, போட்டியாளர்களான ரூபியோவுக்கு 22.5, குரூஸுக்கு 22.3. மீதியை ஜெப் புஷ், கேசிக், கார்சன் மூவரும் ஆளுக்கு ஏழெட்டு விழுக்காடாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் டிரம்ப்பை வேண்டாம் என்றார்கள், ஆனால் ஐந்து பெயர்களைச் சொல்லி வேண்டாம் என்றார்கள். அந்த மாநிலத்தின் விதிப்படி, மாநில அளவில் முதலில் வருபவருக்கு 29 பேராளர்கள். ஏழு நாடாளுமன்றத் தொகுதிகள் ஒவ்வொன்றிலும் முதலில் வருபவருக்கு 3 பேர். ஏழிலும் டிரம்ப்பே முதல். ஆக 50 பேராளர்களும் அவருக்கே. மூன்றில் ஒரு பங்கு வாக்குக்கு முழு மாநிலம்.

தனிப் பெரும்பான்மையோடு ஒரு மாநிலத்தை டிரம்ப் வென்றது ஏப்ரல் 19 அன்று, சொந்த மாநிலமான நியூயார்க்கில்தான். அதற்குள் அவரை எட்டிப் பிடிப்பது கடினமாகிவிட்டது. எதிர்ப்பு வாக்குகள் சிதறுவது பற்றித் தமிழ்நாட்டு வாசகருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மும்முனைப் போட்டியில் முப்பத்தைந்து விழுக்காட்டில் கரையேறியவர்களை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம்.

மற்றவர்கள் ஒன்று சேர்ந்து ஒருவரை நிறுத்தியிருக்கக் கூடாதா?

சேரத்தான் முயன்றார்கள். ஏப்ரல் இறுதியில் குரூஸும் கேசிக்கும் இந்தியானா, ஒரிகன், நியூ மெக்சிகோ மாநிலங்களை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதாக அறிவித்தார்கள்; மறுநாளே அதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். மே 3 அன்று இந்தியானாவில் தோற்றுக் குரூஸ் விலக, அடுத்த நாள் கேசிக்கும் விலகினார். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விலகுபவர் தன் வாய்ப்பை இழக்கிறார். பலன் பெறுபவர் வேறொருவர். ஆகவே எல்லாரும் அடுத்தவர் விலகட்டும் என்று காத்திருப்பார்கள். 2024-இல் நிலைமை வேறு. அயோவாவில் டிரம்ப் 51 விழுக்காடு பெற்றுவிட்டார். கடைசிவரை நின்ற நிக்கி ஹேலி வாஷிங்டன் நகரையும் வெர்மான்ட்டையும் மட்டும் வென்று மார்ச் 6 அன்று விலகினார். அப்போது எதிர்ப்பு சிதறவில்லை, எதிர்ப்பே போதவில்லை.

ஜனநாயகக் கட்சியிலும் இதே கணக்குத்தானா?

இல்லை. அங்கே பேராளர்களை விகிதாசாரப்படி பிரிப்பார்கள். 15 விழுக்காட்டைத் தாண்டிய எவருக்கும் பங்கு உண்டு. முதலில் வருபவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியாது.

அயோவாவில் ஜனநாயகக் கட்சியினர் நீண்ட காலம் நடத்திவந்த காகஸ் முறை, பிளவுபடுத்தும் வேட்பாளருக்கு வைத்த பொறி போலவே இருக்கும். ஜனவரி மாதத்து உறைபனி இரவில் பள்ளிக்கூட அரங்கிலோ தேவாலயத்திலோ கூடுவார்கள். ஒவ்வொரு வேட்பாளரின் ஆதரவாளர்களும் ஒவ்வொரு மூலையில் போய் நிற்பார்கள், தலைகளை எண்ணுவார்கள். அந்த அறையில் 15 விழுக்காட்டை எட்டாத மூலை பெரும்பாலும் கலைக்கப்படும். கலைந்தவர்கள் நடு அறையில் நிற்க, மற்ற மூலைகளிலிருந்து அண்டை வீட்டார், உடன் பணிபுரிவோர் எல்லாம் கூப்பிட்டு அழைப்பார்கள். அந்த நேரத்தில் தேவைப்படுவது இரண்டாவது விருப்பமாக இருக்கும் தகுதி. ஒருவரைப் பலர் முதல் விருப்பமாக வைத்திருக்கலாம். ஆனால் மற்றவர்களின் கடைசி விருப்பமாகவும் அவரே இருந்தால், கலைந்து வருபவர்கள் அவர் மூலையைக் கடந்து போவார்கள்.

2008 ஜனவரி 3 அன்று அயோவாவில் ஒபாமாவுக்குச் சுமார் 38 விழுக்காடும், மற்றொரு போட்டியாளரான எட்வர்ட்ஸுக்கு 30-ம், ஹிலாரிக்கு 29-ம் கிடைத்தன. பிறகு விகிதாசாரக் கணக்கு ஹிலாரியை விடாமல் துரத்தியது. பிப்ரவரி 5 அன்று பெரிய மாநிலமான நியூ ஜெர்சியை ஹிலாரி வென்றார். அதில் ஒபாமாவைவிடக் கூடுதலாகக் கிடைத்த பேராளர்கள் 11. அதே நாளில் ஐடஹோ என்ற சிறிய மாநிலத்தின் காகஸில் ஒபாமாவுக்குக் கூடுதலாகக் கிடைத்தவர்கள் 12. ஹிலாரி பிளவுபடுத்துபவர் என்பதால்தான் தோற்றார் என்று அப்போது பலர் எழுதினார்கள். என் கணிப்பில் அது பாதி உண்மைதான். ஈராக் போருக்கு ஆதரவாக 2002-இல் அவர் அளித்த வாக்கும், காகஸ் மாநிலங்களை அவருடைய குழு அலட்சியப்படுத்தியதும் மீதிப் பாதி.

கட்சித் தலைமை தலையிட்டுத் தடுக்க முடியாதா?

ஒரு காலத்தில் முடிந்தது. அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1912-இல் குடியரசுக் கட்சியில் முதல்நிலைத் தேர்தல் நடந்த மாநிலங்களில் பெரும்பாலானவற்றைத் தியோடர் ரூஸ்வெல்ட் வென்றிருந்தார். சிகாகோ மாநாட்டில் கட்சி அமைப்பு பதவியிலிருந்த அதிபர் டாஃப்டையே நிறுத்தியது. ரூஸ்வெல்ட் வெளியேறித் தனிக் கட்சியில் நின்றார். நவம்பரில் அவருக்கு 27 விழுக்காடும் டாஃப்டுக்கு 23 விழுக்காடும் கிடைக்க, 42 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவாகப் பெற்ற ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் 435 தேர்வாளர் வாக்குகளோடு (மாநிலவாரியாகக் கிடைத்து, அதிபரைத் தீர்மானிக்கும் வாக்குகள்) அதிபரானார். டாஃப்டுக்கு மிஞ்சியவை எட்டு.

1968-இல் ஜனநாயகக் கட்சி முதல்நிலைத் தேர்தல் ஒன்றில்கூட நிற்காத ஹூபர்ட் ஹம்ஃப்ரியை வேட்பாளராக்கியது. மாநாடு நடந்த சிகாகோவின் தெருக்களில் காவலர்களும் போராட்டக்காரர்களும் மோதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கசப்பிலிருந்து பிறந்த சீர்திருத்தக் குழுதான் வேட்பாளர் தேர்வைத் தலைவர்களின் கையிலிருந்து வாக்காளர்களின் கைக்கு மாற்றியது. குழுவின் தலைவராக இருந்தவர் செனட்டர் ஜார்ஜ் மெகவர்ன். புதிய விதியில் நடந்த முதல் தேர்தலில் வேட்பாளரானவரும் அவரே. விதி எழுதியவருக்கே விதி நன்றாகத் தெரியும் என்பதில் வியப்பில்லை. 1972 முதல்நிலைத் தேர்தல்களில் மொத்த வாக்குகளில் அவருக்குக் கிடைத்தது 25 விழுக்காடுதான். ஹம்ஃப்ரிக்கு அதைவிடச் சற்று அதிகம். ஆனால் கலிபோர்னியாவில் வென்றவருக்கே 271 பேராளர்களும் என்றிருந்த விதி மெகவர்னைத் தூக்கி நிறுத்தியது.

கோல்ட்வாட்டரும் மெகவர்னும் வேட்பாளரானார்கள்; பிறகு ஏன் அவ்வளவு மோசமாகத் தோற்றார்கள்?

கட்சியை வென்ற வேகத்தில் கட்சியை ஆற்றிக்கொள்ளத் தவறினார்கள் என்பதே என் கருத்து. கோல்ட்வாட்டரின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். அவருக்கு எதிராகக் குடியரசுக் கட்சியின் மிதவாதிகள் நம்பியிருந்தவர் நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர். ராக்ஃபெல்லர் மணமுறிவு பெற்று முந்தைய ஆண்டுதான் மறுமணம் செய்திருந்தார். 1964 ஜூன் 2 அன்று கலிபோர்னியா வாக்கெடுப்பு நடக்க மூன்று நாள் இருக்கையில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்து, அடங்கியிருந்த பேச்சு மறுபடி கிளம்பியது. கோல்ட்வாட்டர் 51.6-க்கு 48.4 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்து வேட்பாளராகும் வழியைப் பிடித்தார்.

ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய கவ் பேலஸ் அரங்கில் மாநாடு கூடியது. தீவிரவாத அமைப்புகளைக் கண்டிக்கும் திருத்தத்தை ஆதரித்துப் பேச ராக்ஃபெல்லர் மேடையேறியபோது, அரங்கம் அவரைப் பேசவிடாமல் கத்தித் தீர்த்தது. "இது இன்னமும் சுதந்திர நாடுதான்" என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று. தொலைக்காட்சியில் நாடே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து ஏற்புரை நிகழ்த்திய கோல்ட்வாட்டர் அந்தப் புண்ணுக்கு மருந்திட்டிருக்கலாம். மாறாக, சுதந்திரத்தைக் காக்கும் தீவிரவாதம் குற்றமாகாது, நீதியைத் தேடுவதில் மிதவாதம் பெருமையாகாது என்றார். சில வாரங்களுக்கு முன்புதான், செனட்டில் குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேர் ஆதரித்த, இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் சட்டத்தை அவர் எதிர்த்து வாக்களித்திருந்தார்.

பிறகு எதிரணிக்கு அதிகம் உழைக்க வேண்டியிருக்கவில்லை. செப்டம்பர் 7 அன்று, ஜனநாயகக் கட்சி வேட்பாளரான அதிபர் ஜான்சனின் தரப்பு ஒரு விளம்பரத்தை ஒரே ஒரு முறை ஒளிபரப்பியது. ஒரு சிறுமி பூவிதழ்களைப் பிய்த்து எண்ணுகிறாள். எண்ணிக்கை ஒரு ஆணின் குரலுக்கு மாறித் தலைகீழாக இறங்குகிறது. பூஜ்யத்தில் அணுகுண்டு வெடிக்கிறது. கோல்ட்வாட்டரின் பெயர் அதில் இல்லை. பெயர் தேவைப்படவும் இல்லை என்பதுதான் விஷயம். பார்த்தவர்கள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். முடிவில் ஜான்சனுக்கு 61 விழுக்காடும் 486 தேர்வாளர் வாக்குகளும். கோல்ட்வாட்டருக்குச் சொந்த மாநிலமான அரிசோனாவும் தெற்கின் ஐந்து மாநிலங்களும் சேர்த்து 52.

மெகவர்ன் கதையை நீட்ட வேண்டியதில்லை. மாநாட்டுக் குழப்பத்தில் அவருடைய ஏற்புரை விடியற்காலை மூன்று மணியை நெருங்கும்போதுதான் தொடங்கியது. துணை அதிபர் வேட்பாளராக அவர் தேர்ந்தெடுத்த ஈகிள்டன், முன்பு மனநோய்க்கு மின்னதிர்வு சிகிச்சை பெற்றது வெளியானதும் 18 நாளில் விலகினார். நவம்பரில் மாசசூசெட்ஸும் வாஷிங்டன் நகரும் மட்டுமே மெகவர்னுக்குக் கிடைத்தன.

அதே குற்றச்சாட்டுக்கு ஆளான ரீகன் எப்படி வென்றார்?

1964-இல் கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் பேசிப் பெயர் பெற்றவர் ரீகன். கொள்கையில் இருவருக்கும் பெரிய இடைவெளி கிடையாது. ஆபத்தானவர், போரில் இழுத்துவிடுவார், முதியோர் நலத்திட்டங்களில் கை வைப்பார் என்று பதவியிலிருந்த அதிபர் ஜிம்மி கார்ட்டர் அவர்மேல் வைத்த குற்றச்சாட்டுகளும் பழையவைதாம். வேறுபட்டவை இரண்டு.

ஒன்று, ரீகன் கட்சியை ஆற்றிக்கொண்டார். தன் பொருளாதாரத் திட்டத்தை மாந்திரீகம் என்று கேலி செய்த ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷையே துணை அதிபர் வேட்பாளராக அழைத்துக்கொண்டார். மற்றொன்று, எதிரே இருந்தவரின் நிலை. அந்த ஆண்டு விலைவாசி உயர்வு 13 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. டெஹ்ரானில் 52 அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 28 அன்று கிளீவ்லாந்தில் நடந்த விவாதத்தில் கார்ட்டர் பழைய குற்றச்சாட்டை எடுத்தபோது, ரீகன் சிரித்தபடி "ஆரம்பித்துவிட்டீர்களா மறுபடியும்" என்ற தொனியில் ஒரு வரி சொன்னார். அச்சுறுத்தும் மனிதர் என்று கேள்விப்பட்டிருந்தவர்கள் எதிரே பார்த்தது ஒரு தாத்தாவை. இறுதியில், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று மக்களைப் பார்த்துக் கேட்டார். வாக்குப்பதிவு ரீகனைப் பற்றியதாக இல்லாமல் கார்ட்டரைப் பற்றியதாக மாறிவிட்டது. ரீகன் பெற்றது 50.7 விழுக்காடுதான், ஆனால் 44 மாநிலங்கள்.

2016-இல் இரண்டு வேட்பாளர்களையும் மக்கள் வெறுத்தார்களே?

அதனால்தான் அந்தத் தேர்தலைத் தனியாகப் படிக்க வேண்டும். வெறுப்பில் டிரம்ப் முன்னிலை வகித்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஹிலாரியும் வெகு தொலைவில் இல்லை. வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பில், இருவர் மேலும் நல்ல அபிப்பிராயம் இல்லை என்றவர்கள் 18 விழுக்காடு. அவர்களில் 47 விழுக்காட்டினர் டிரம்ப்புக்கும் 30 விழுக்காட்டினர் ஹிலாரிக்கும் வாக்களித்தார்கள். எட்டு ஆண்டு ஜனநாயகக் கட்சி ஆட்சிக்குப் பிறகு, இருவரும் பிடிக்கவில்லை என்றவர்கள் மாற்றத்தின் பக்கம் சாய்ந்தார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொரு பக்கம், முதல்நிலைத் தேர்தலில் டிரம்ப்பைத் திட்டிய குடியரசுக் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள். கட்சி ஆதரவாளர்களில் சுமார் 90 விழுக்காடு அவருக்கே வாக்களித்தார்கள். 1964-க்கும் 2016-க்கும் இடையே நடந்த முக்கியமான மாற்றம் இதுதான். கோல்ட்வாட்டர் காலத்தில் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் ஜான்சனுக்கு வாக்களிப்பது பெரிய மீறலாகத் தோன்றவில்லை. இன்று எதிர்க்கட்சி வெல்வதே பேரிடர் என்று இரு தரப்பும் நம்புகின்றன. தன் வேட்பாளரைப் பிடிக்காதவருக்கும் போக வேறு இடமில்லை.

நாடு முழுவதும் குறைவான வாக்கு பெற்றவர் அதிபராவது எப்படி?

மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகள்; 270 கிடைத்தால் வெற்றி. மெய்னும் நெப்ராஸ்காவும் தவிர மற்ற மாநிலங்களில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும். 2016-இல் ஹிலாரிக்கு 48.2 விழுக்காடு, டிரம்ப்புக்கு 46.1, வேறுபாடு சுமார் 29 லட்சம் வாக்குகள். ஆனால் மிச்சிகனில் 10,704, விஸ்கான்சினில் 22,748, பென்சில்வேனியாவில் 44,292 வாக்குகள் என மூன்று மாநிலங்களில் மொத்தம் 78 ஆயிரத்துக்கும் குறைவான முன்னிலையே முடிவைத் தீர்மானித்தது. கலிபோர்னியாவில் தன்னை எத்தனை லட்சம் பேர் வெறுத்தாலும் டிரம்ப்புக்கு நட்டமில்லை. வெறுப்பு எங்கே குடியிருக்கிறது என்பதும் கணக்கில் சேரும்.

அப்படியானால் 2020-இல் தோற்றது ஏன்? 2024-இல் திரும்பியது ஏன்?

2020-இல் டிரம்ப்பின் வாக்குகள் குறையவில்லை, 6.3 கோடியிலிருந்து 7.4 கோடியாக உயர்ந்தன. ஆனால் அவருக்கு எதிராக வந்தவர்கள் அதைவிட அதிகம், பைடனுக்கு 8.1 கோடி. தகுதியுள்ளவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தார்கள். நூறாண்டுகளுக்கு மேலாகக் காணாத அளவு. தன் ஆட்களை எழுப்பும் அதே மேளம் எதிரிகளையும் எழுப்பிவிடும் என்பதே பிளவுபடுத்தும் வேட்பாளரின் தொல்லை. அதிலும் பைடனை வெறுப்பது ஹிலாரியை வெறுத்த அளவுக்கு யாருக்கும் எளிதாக இருக்கவில்லை. அப்போதும் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து முன்னிலை 43 ஆயிரத்துக்கும் குறைவே.

2024-இல் ஆளுங்கட்சி என்ற சுமை எதிர்த்தரப்புக்கு மாறியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் விலைவாசி உயர்வு 9 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. மளிகைக் கடையில் அதன் நினைவு மறையவில்லை. மே மாதம் 34 குற்றச்சாட்டுகளில் டிரம்ப் குற்றவாளி எனத் தீர்ப்பானது. ஆதரவுத் தளம் அசையவில்லை. ஜூலை 21 அன்று பைடன் விலக, முதல்நிலைத் தேர்தல் எதுவும் இல்லாமல் கமலா ஹாரிஸ் வேட்பாளரானார். டிரம்ப் 49.8 விழுக்காடும் 312 தேர்வாளர் வாக்குகளும் பெற்றார். மூன்று தேர்தல்களில் ஒன்றில்கூட அவர் பாதியைத் தாண்டவில்லை. உச்சவரம்பு கடைசிவரை இருந்தது. இரண்டு முறை அதற்குள்ளேயே வெற்றி அடங்கிவிட்டது.

பெண் வேட்பாளர்களுக்கு இந்த முத்திரை எளிதில் குத்தப்படுகிறதா?

ஆம் என்றே நினைக்கிறேன். ஹிலாரி 2000-இல் நியூயார்க் செனட் தேர்தலில் 55 விழுக்காடும் 2006-இல் 67 விழுக்காடும் பெற்றவர். பதவியில் இருந்து வேலை செய்தபோது அவரைப் பலரும் ஏற்றுக்கொண்டார்கள், மேலும் உயர்ந்த பதவியைக் கேட்டபோதெல்லாம் வெறுப்பு ஏறியது. கமலா ஹாரிஸ் விஷயத்தில் அவருக்குக் கிடைத்த மூன்றரை மாதத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் சிறப்புப் பூசை நடந்ததை நம் செய்திகள் விரிவாகக் காட்டின. பென்சில்வேனியாவில் பேசப்பட்டது முட்டை விலை.

மற்ற நாடுகளில் விதி மாறினால் முடிவு மாறுகிறதா?

நிச்சயமாக. பிரான்சில் முதல் சுற்றில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதலிரண்டு இடத்தவருக்கு மட்டும் இரண்டாம் சுற்று. 2002-இல் இடதுசாரி வாக்குகள் சிதறியதால் தீவிர வலதுசாரியான ழான்-மரி லெ பென் 16.9 விழுக்காட்டோடு இரண்டாம் சுற்றுக்குள் நுழைந்தார். அங்கே சிதற வழியில்லை. இடதுசாரிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வலதுசாரி அதிபர் சிராக்குக்கு வாக்களிக்க, லெ பென் 18 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. அவர் மகள் மரீன் லெ பென் 2022-இல் 41.5 விழுக்காடு வரை வந்தார். அந்தச் சுவர் உயரம் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் இருக்கிறது.

இலங்கையில் பாதிக்கு மேல் பெற வேண்டும், இல்லையேல் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டும். இந்த விதி எல்லாத் தரப்பையும் அரவணைக்கும் வேட்பாளரையே தேர்ந்தெடுக்கும் என்று நம்பியவர்கள் உண்டு. 2019-இல் கோத்தாபய ராஜபக்ச யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்து விழுக்காட்டைக்கூட எட்டாமலே நாடு முழுவதும் 52.25 விழுக்காடு பெற்றார். ஒரு சமூகமே பெரும்பான்மையாக உள்ள நாட்டில், அந்தச் சமூகத்துக்குள் மட்டும் வாக்கைக் குவித்தால் பாதியைத் தாண்டலாம். பிளவு நடுவில் ஓடாமல் ஓரத்தில் ஓடினால் இரண்டாம் எண்ணிக்கையும் காப்பாற்றாது.

டிரம்ப் மீண்டும் நிற்க முடியுமா?

1951-இல் நடைமுறைக்கு வந்த 22-ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, எவரும் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது.

அடுத்த முறை இந்தக் கேள்வி எழும்போது கருத்துக்கணிப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

எத்தனை விழுக்காட்டினருக்குப் பிடிக்கவில்லை என்ற தலைப்புச் செய்தியோடு நிறுத்திவிடாதீர்கள். அதே பக்கத்தில் எதிர் வேட்பாளரின் எண்ணும் இருக்கும்; இருவரையும் பிடிக்காதவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்ற அட்டவணை பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் கிடக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள். முதல்நிலைத் தேர்தல் காலத்தில் கணிப்பைவிட எனக்கு உதவுவது நாட்காட்டி. எந்த மாநிலத்தில் முதலில் வருபவருக்கே எல்லாம், எந்த மாநிலத்தில் விகிதாசாரம், அந்தத் தேதிகளில் களத்தில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று குறித்து வைத்துக்கொள்வேன். 2016 பிப்ரவரி 20 இரவு தென் கரோலினா முடிவு வந்ததும் ஜெப் புஷ் விலகினார். மற்ற நால்வரும் அடுத்த மாநிலத்துக்கு விமானம் ஏறினார்கள்.